தூங்கும் புல்லட்டை எழுப்புவது எப்படி? ஸ்டார்ட் ஆனால் மட்டும் போதாது, நிற்கவும் வேண்டும்!

சென்னையில் எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய புல்லட் நிற்கும்.

மேலே கிழிந்த தார்ப்பாய். அதற்கும் மேலே உடைந்த நாற்காலி. டயர் இரண்டும் காற்று இறங்கி, தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தும்.

"அப்பா ஓட்டின வண்டி சார். விக்க மனசு வரலே" என்பார் வீட்டுக்காரர்.

அந்த வண்டியை எழுப்பிவிட வேண்டும் என்று ஒரு நாள் திடீரென்று ஆசை பிறக்கும். பையனுக்கு வேலை கிடைத்திருக்கும். அல்லது ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் வண்டியிலேயே பாண்டிச்சேரி போகலாம் என்று கிளப்பி விட்டிருப்பார்கள்.

ஆசையில் தவறு இல்லை. அடுத்து நடப்பதுதான் தவறு. வண்டி நேராக எங்கே போகிறது தெரியுமா? பெயிண்டரிடம்!

டேங்குக்கு பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். தங்கக் கோடு. புது சீட் கவர். அதற்கே பாதிப் பணம் காலி. மீதிப் பணத்தில் என்ஜின் வேலை. ஒரு நாள் சாயங்காலம் "டப் டப் டப்" என்று சத்தம் கேட்கும். தெருவே வேடிக்கை பார்க்கும். வீட்டில் கேசரி கிண்டுவார்கள்.

பிரேக்?

"அது கொஞ்சம் இழுத்து வெச்சிருக்கேன் சார். போகப்போக சரியாயிடும்" என்பார் மெக்கானிக்.

அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி. அதன்மேல் புருஷன், பெண்டாட்டி. ஜி.எஸ்.டி. ரோட்டில் முன்னால் போகும் பஸ் திடீரென்று நின்றால், காப்பாற்றப் போவது பெயிண்ட் அல்ல.

ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் காகிதம். அடுத்து பிரேக்கும் சக்கரமும். அதன் பிறகு என்ஜின். எல்லாம் முடிந்தபின் பெயிண்ட்.

நம்ம ஊர் வண்டி

பழைய வண்டிகளில் எத்தனையோ உண்டு. யெஸ்டி உண்டு. ராஜ்தூத் உண்டு. ஆனால் நெடுந்தூரம் போக என்று எடுத்து வைப்பது பெரும்பாலும் புல்லட்டைத்தான்.

காரணம் இருக்கிறது. புல்லட் நம்ம ஊரில் செய்த வண்டி. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்சும் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ராணுவமும் போலீசும் இந்த வண்டியை ஓட்டின. பிற்பாடு இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் தொடர்ந்து வந்தது. 1994-ல் கம்பெனி ஐஷர் கைக்கு மாறியது.

350 சி.சி. வண்டியின் பழைய வார்ப்பிரும்பு என்ஜின் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல் செய்யப்பட்டது. ஒரே சிலிண்டர். பிஸ்டன் 70 மில்லிமீட்டர். அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். அதனால்தான் இன்றைக்கும் உதிரிப் பாகம் கிடைக்கிறது, வேலை தெரிந்த கை கிடைக்கிறது. வருஷக்கணக்கில் நின்ற வண்டியை எழுப்ப முடிவதும் அதனால்தான்.

ஸ்பானரைத் தொடும் முன்பு ஆர்.சி.!

வண்டி உங்களுடையதா, காகிதத்தில்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

தனியார் மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். பசுமை வரியும் உண்டு. படிக்கட்டுக்குக் கீழே தூங்கிய வண்டிக்கு இந்தக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும். தாமதத்துக்குத் தண்டமும் சேர்ந்திருக்கும்.

அப்பா பெயரில் வண்டி இருந்து, அவர் காலமாகிவிட்டாரா? அதற்குத் தனி விண்ணப்பம், 31-ம் நம்பர் படிவம். இறப்புச் சான்றிதழ் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை சம்மதிக்க வேண்டும். "எல்லாம் நம்ம குடும்பம்தானே" என்று விட்டுவிட்டால் பின்னால் தலைவலி.

வெளியாளிடம் வாங்குகிறீர்களா? 29, 30-ம் நம்பர் படிவங்களில் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். ஆர்.சி.யில் பாங்கி கடன் என்று எழுதியிருந்தால், கடன் தீர்ந்தது என்ற கடிதமும் கையோடு வேண்டும். கடன் கட்டி முடித்து இருபது வருஷம் ஆகியிருக்கலாம். ஆனாலும் காகிதத்தில் அது அடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். பழைய புத்தக ஆர்.சி. வண்டிகள் சில, கம்ப்யூட்டரில் ஏறாமலே இருக்கும். அப்படி இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

சேஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் துடைத்துப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். நம்பர் மேல் உளி பட்ட அடையாளம் இருக்கிறதா? "ரொம்ப சல்லிசா தர்றேன்" என்று விற்பவர் அவசரப்படுகிறாரா? கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் தெருமுனை டீக்கடைக்குக்கூட ஓட்டக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் 2 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. யார் மீதாவது வண்டி மோதிவிட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில் விழும். வீட்டுக்கே வில்லங்கம் வந்துவிடும்.

50 வருஷ வண்டியா?

வண்டிக்கு 50 வயது தாண்டி, எந்த மாற்றமும் செய்யாமல் அசலாக இருந்தால் "விண்டேஜ்" என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. கேட்கப் பெருமையாக இருக்கும். அவசரப்படாதீர்கள்!

அப்படிப் பதிவு செய்த வண்டியை தினசரி ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். ஓட்டுவதற்கு வண்டி வேண்டும் என்பவர்களுக்கு சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே வழி.

வெள்ளத்தில் நின்ற வண்டி

சென்னையில் பழைய வண்டி வாங்குபவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வண்டி எங்கே நின்றது? 2023 டிசம்பர் புயல் மழையில் எங்கே நின்றது?"

வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் எத்தனையோ வண்டிகள் ஹேண்டில்பார் வரை மூழ்கின. வெளியே துடைத்துவிட்டால் தெரியாது. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் சரி. பால் விட்ட டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட என்ஜினை உதைக்கவே கூடாது. ஆயில் முழுவதையும் இறக்க வேண்டும். பேரிங், பிரேக், ஒயரிங் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள்.

முதல் வேலை பிரேக்

இரண்டு சக்கரங்களையும் கழற்றச் சொல்லுங்கள். ட்ரம்முக்குள் பாருங்கள். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் ட்ரம் துருப்பிடித்திருக்கும். பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் பொரிந்து, கையில் எடுத்தால் தனியாகக் கழன்று வரும். ஓடும்போது அது கழன்றால் என்ன ஆகும்? சக்கரம் திடீரென்று பிடித்துக்கொள்ளும். அல்லது பிரேக்கே பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். காற்று அடித்தும் ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். நுரையீரலுக்கு விஷம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. பட்டறைப் பையன்களுக்கும் சொல்லுங்கள். அவர்கள்தான் தினமும் அந்தத் தூசியில் வேலை செய்கிறார்கள்.

ட்ரம்மில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கடைசல் பிடிக்க வேண்டும். ஷூ புதிது போடுங்கள். பிரேக் கேபிளின் இரண்டு முனையையும் பாருங்கள். ஒரே ஒரு இழை பிரிந்து நின்றாலும் கேபிளைத் தூக்கிப் போடுங்கள். புதுக் கேபிள் விலை பெரிய தொகை அல்ல.

வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே சோதிக்கலாம். கையால் வேகமாகத் தள்ளிக்கொண்டு போய், முன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். முன்பக்கம் அமுங்கி வண்டி நிற்க வேண்டும். அடுத்து பின் பிரேக்கை மட்டும். தள்ளும்போதே நிற்காத வண்டி, ஓடும்போது நிற்குமா?

புது ஷூ முதல் நாளே முழுசாகக் கடிக்காது. ட்ரம்மோடு பழகச் சில நாள் பிடிக்கும். அதுவரை முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள்.

வலது காலா, இடது காலா?

இது முக்கியம். பழைய 4 கியர் புல்லட்டில் கியர் வலது காலில் இருக்கும். பிரேக் இடது காலில் இருக்கும். இன்றைய வண்டிகளில் நேர்மாறு.

பத்து வருஷம் புது வண்டி ஓட்டியவர் பழைய புல்லட்டில் ஏறுகிறார். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. அவர் வலது காலை அழுத்துகிறார். பிரேக் பிடிப்பதற்குப் பதில் கியர் மாறுகிறது!

இதற்கு மெக்கானிக் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் காலுக்குத்தான் பாடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். "நில்" என்று யாராவது கத்தினால், யோசிக்காமல் இடது கால் அழுந்த வேண்டும். அந்தப் பழக்கம் வரும் வரை மவுண்ட் ரோடு பக்கம் போகாதீர்கள்.

டயருக்கும் வயசு உண்டு

"டயர்ல கட்டை அப்படியே இருக்கு சார், ஓடவே இல்லே" என்பார்கள். ஓடாமல் நின்றதுதான் பிரச்சினை! நின்ற டயரில் ரப்பர் காய்ந்துவிடும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு ஓடும்.

டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் பொறித்திருப்பார்கள். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். மூன்று இலக்கம்தான் இருக்கிறதா? அது 2000-க்கு முன்பு செய்தது. யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். பழைய 350 புல்லட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு, 3.25-19. டியூபையும், ரிம்முக்குள் போடும் ரப்பர் பட்டையையும் சேர்த்தே மாற்றுங்கள். பட்டை போனால் ஸ்போக்ஸ் கம்பியின் முனை டியூபைக் குத்திவிடும்.

ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். "டிங்" என்று சத்தம் வந்தால் இறுக்கமாக இருக்கிறது. மொண்ணையான சத்தம் வந்தால் தளர்ந்திருக்கிறது.

நடு ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் பல்லில் மாட்டியது போல் நின்றால் கோன் செட் போய்விட்டது. நேரே போகும் வண்டி ஆட்டம் போடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று இருந்தால் பேரிங் போயிருக்கிறது.

செயினை, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் கையால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினைத் தின்றுவிடும். செயின் லாக் போடும்போது அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் வழியில் கழன்று விழும்.

பழைய பெட்ரோல், பிசின் பெட்ரோல்

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் இறக்குங்கள். அது ஆவியாகி, பிசின் மாதிரி அடியில் படிந்திருக்கும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். துரு தெரிந்தால் சுத்தம் செய்த பிறகே புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

டேங்கில் ஓட்டை இருந்தால் பற்ற வைக்க அவசரப்படாதீர்கள். பெட்ரோல் காலியானாலும் ஆவி உள்ளே நிற்கும். வெல்டிங் நெருப்புப் பட்டால் டேங்க் குண்டு மாதிரி வெடிக்கும். இந்த வேலை தெரிந்த இடத்தில் மட்டும் கொடுங்கள்.

கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவ வேண்டும். ஜெட்டில் இருக்கும் பொடித் துளையைக் கம்பியால் குத்தக்கூடாது. துளை பெரிதானால் பெட்ரோல் கணக்குத் தப்பிவிடும். காற்று அடித்துச் சுத்தம் செய்வதே சரி.

இன்னொரு புது விஷயம். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். அந்தக் காலத்து பெட்ரோல் டியூப், வாஷர் எல்லாவற்றையும் இப்போதைய பெட்ரோலுக்குத் தாங்குகிறதாகப் பார்த்து மாற்றுங்கள். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உதைக்காதே, பொறு!

இப்போது என்ஜினுக்கு வருவோம். நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம், கிக்கர் மேல் ஏறிக் குதிப்பது. அதுதான் கூடாது.

பிளக்கைக் கழற்றுங்கள். அந்தத் துளை வழியாக ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். பிஸ்டன் மெதுவாக அசைந்து கொடுத்தால் நல்ல சகுனம். கொடுக்கவில்லையா? மறுபடி ஊற விடுங்கள். பலவந்தம் செய்தால் ரிங் உடைந்து, சிலிண்டரையும் கீறிவிடும்.

பழைய புல்லட்டில் இன்னொரு விஷயம் உண்டு. நெடுநாள் நின்றால், ஆயில் அதன் அறையிலிருந்து மெல்லக் கசிந்து, கிராங்க் சுற்றும் அறைக்குள் போய்த் தேங்கிவிடும். அளவு பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். "ஆயிலே இல்லையே" என்று மேலே ஊற்றிவிடுவார்கள். ஸ்டார்ட் ஆனதும் தெரு முழுக்கப் புகை! வீட்டுக்காரர் பயந்துபோய் "என்ஜின் போச்சு" என்று நினைப்பார். என்ஜின் போகவில்லை. கீழே உள்ள நட்டுகளைக் கழற்றி எல்லா ஆயிலையும் இறக்கிவிட்டு, புது ஆயில் அளவோடு ஊற்றினால் போதும்.

கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கிளட்சைப் பிடித்தபடி கிக்கரைச் சில முறை அழுத்தினால் விட்டுக் கொடுக்கும். விடாவிட்டால் பிரித்துக் கழுவ வேண்டும்.

பாயிண்டை நைசாகத் தேய்த்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பிளக் புதிது. கண்டன்சரும் புதிது. வலது பக்கம் உள்ள சின்ன மூடியைத் திறந்தால் புஷ் ராடு தெரியும். என்ஜின் ஆறியிருக்கும்போது அது விரலுக்குச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் ஆனந்தத்தில் முறுக்காதீர்கள். மேலே ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் நட்டை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. வராவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். ஆயில் ஏறாத என்ஜின் கொஞ்ச நேரத்திலேயே சேதமாகிவிடும்.

முதல் புகை அடங்கிய பிறகும் நீலப் புகை விடாமல் வருகிறதா? ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கும். சிலிண்டரை போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, லேத்காரர் கையில் கொடுங்கள். பிஸ்டனுக்குத் தகுந்தபடிதான் போர் செய்ய வேண்டும்.

உதைப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. சாவியைப் போட்டு, ஆம்ப்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல அழுத்துங்கள். டிகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்ட விடுங்கள். லீவரை விட்டுவிட்டு ஒரே உதை. டைமிங் தப்பியிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் ஜாக்கிரதை! செருப்புக் காலோடு உதைக்காதீர்கள்.

எலி கடித்த ஒயர்

பாட்டரி செத்திருக்கும். அதை மாற்றிவிடலாம். ஒயரிங்தான் ஏமாற்றும். எலி கடித்த இடத்தில் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். முழு ஒயரிங் செட் மாற்றுவதே நல்லது. பியூஸ் கட்டாயம் வேண்டும். ஹெட்லைட், பின் விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன் நாலும் எரிகிறதா, அடிக்கிறதா என்று தினமும் பாருங்கள். ராத்திரி ரோட்டில் பின் விளக்கு இல்லாத கறுப்பு புல்லட், பின்னால் வரும் லாரிக்காரன் கண்ணில் படாது.

புதுப்பேட்டைக்குப் போகலாமா?

போகலாம். பழைய உதிரிப் பாகத்துக்குப் புதுப்பேட்டையும், புது சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த இடங்கள்தான். ஆனால் எதைப் பழசாக வாங்கலாம், எதைக் கூடாது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

மட்கார்டு, டூல் பாக்ஸ், ஹெட்லைட் கூடு, கைப்பிடி இவையெல்லாம் பழசு வாங்கலாம். அந்தக் காலத்துத் தகடு கெட்டியாகவும் இருக்கும்.

பிரேக் ஷூ, கேபிள், டயர், டியூப், பேரிங், செயின் இவற்றைப் பழசு வாங்கவே வாங்காதீர்கள். உயிர் இவற்றில்தான் தொங்குகிறது.

நம்பர் பொறித்த பாகம் எதுவும் பில் இல்லாமல் வேண்டவே வேண்டாம். திருட்டு வண்டியின் என்ஜின் உங்கள் வண்டியில் ஏறினால், போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டியவர் நீங்கள்தான்.

கணக்கு நோட்டு

"மொத்தமா பார்த்துக்கலாம் சார்" என்று மெக்கானிக் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். மூன்று பக்கமாகப் பிரியுங்கள். உயிருக்கு வேண்டியவை ஒரு பக்கம். ஓட வேண்டியவை இன்னொரு பக்கம். அழகுக்கு வேண்டியவை மூன்றாம் பக்கம்.

முதல் பக்கம் முழுவதும் அடிபட்ட பிறகே இரண்டாம் பக்கத்துக்குப் போங்கள். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் வேலை முடிய முடியக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். மாற்றியதாகச் சொன்னது உண்மையிலேயே மாறியதா என்று அதில் தெரிந்துவிடும். நாணயமான மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாங்கும்போதே கையில் உள்ள எல்லாப் பணத்தையும் வண்டி விலைக்குக் கொடுத்துவிட்டு, பிரேக்குக்குக் கடன் தேடுபவர்கள் நிறைய. எழுப்பும் செலவு, வாங்கிய விலையைத் தாண்டுவதும் சகஜம். மாதச் சம்பளக்காரர்கள் மாதத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. பத்து வருஷம் தூங்கிய வண்டி, இன்னும் பத்து மாதம் பொறுக்காதா?

சத்தம் போடும் சைலன்சருக்குப் பணம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். அபராதம் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டு நோயாளியின் சாபம் தனி. கம்பெனி சைலன்சரின் சத்தமே போதுமே!

சோதனை ஓட்டம்

எல்லாம் முடிந்ததா? புகைச் சான்றிதழும் வாங்கியாகிவிட்டதா? நேராகப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பாதீர்கள்.

முதல் நாள் 5 கிலோ மீட்டர். தனியாகப் போங்கள். தலையில் ஹெல்மெட். திரும்பி வந்ததும் எங்கே ஆயில் கசிகிறது, எந்த நட்டு தளர்ந்தது என்று பாருங்கள். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் நட்டு தளரத்தான் செய்யும். சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் சுட்டால் பிரேக் உரசுகிறது.

அடுத்து 25 கிலோ மீட்டர். அதற்கடுத்து 50. புதுப் பிஸ்டன் போட்டிருந்தால் முதல் 500 கிலோ மீட்டர் வரை முறுக்கவே கூடாது. அது முடிந்ததும் ஆயிலை மாற்றுங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாமல்லபுரம் போய் வாருங்கள். கைவசம் ஒரு பிளக், ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஆக்சிலரேட்டர் கேபிள், ஒரு செயின் லாக், பியூஸ், ஸ்பானர் இருக்கட்டும். அங்கே போய்ச் சேர்ந்து, டீ குடித்து, திரும்பி வீட்டு வாசலில் நிற்கும் வரை ஒன்றும் ஆகவில்லை என்றால் வண்டி தேறிவிட்டது. வீட்டுக்காரியைப் பின்னால் ஏற்றலாம். அவருக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள்.

பெயிண்டரை அதற்குப் பிறகு கூப்பிடுங்கள். பணம் மிச்சம் இருந்தால்!